ஜூனியின் இடது கால் ஷூ

வண்டி லோவலைத் தாண்டியதும் நான் முதுகைச் சற்று முன்னால் தள்ளி உட்கார்ந்தேன். பழக்க தோஷம். போன வருஷம் வரைக்கும் என் சின்ன மகள் ஜூனி பின் சீட்டிலிருந்து என் சீட்டை உதைத்துக்கொண்டே வருவாள். இடது, வலது, இடது, வலது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அக்டோபர் வந்தால் பாதிப் பேர் சூனியக்காரி வேஷத் திருவிழாவைப் பார்க்க ஸேலம் என்ற ஊருக்குப் போவார்கள். நாங்களும் வருஷம் தவறாமல் போவோம். நாற்பது நிமிடப் பயணம், நாற்பது நிமிடமும் உதை.

"ஏண்டி, அப்பா முதுகு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று நான் கத்துவேன். அவள் சிரித்துவிட்டு இன்னும் பலமாக உதைப்பாள்.

ஜனவரியில் அவள் போய்விட்டாள். சளிக் காய்ச்சல் என்று சேர்த்தோம். நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். ஒன்பது நாள். ஆறு வயது.

இந்த வருஷம் ஸேலத்துக்குப் போக வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என் மனைவி நோரீன் கேட்கவில்லை. ஜூனி போன வருஷம் போட்டுக்கொண்டு சுற்றிய கூம்புத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அங்க கொண்டுபோய் வெச்சுட்டு வந்துடலாம். அவ்வளவுதான். உனக்கு இஷ்டம் இல்லன்னா வண்டியிலேயே இரு" என்றாள்.

"இஷ்டம் இல்லன்னு நான் சொல்லல."

"மூஞ்சி சொல்லுது."

பெரியவள் கோரா பின்னால் காலி சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பதிமூன்று வயது. "ரெண்டு பேரும் ஆரம்பிச்சாச்சா? இறங்குறதுக்குள்ள முடிச்சிருங்க" என்றாள்.

எனக்கு இஷ்டம் இல்லாததற்குக் காரணம் இருந்தது. அதை நோரீனிடம் சொல்லத்தான் ஒன்பது மாதமாக எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஸேலத்தில் வண்டி நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போனது. தெரு முழுக்கக் கறுப்புத் தொப்பி, பச்சை மூக்கு, துடைப்பக்கட்டை. ஆப்பிள் சாறு ஊற்றிப் பிசைந்த மாவை எண்ணெயில் போட்டுப் பொரிக்கும் வாசனை. அந்த டோனட் என்றால் ஜூனிக்கு உயிர். கோரா பழக்கத்தில் நான்கு வாங்கிவிட்டாள். நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். நோரீன் அதை வாங்கித் தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பழைய கல்லறைக்குப் பக்கத்தில் தாழ்வான கல் சுவர் ஒன்று இருக்கிறது. சுவரிலிருந்து கல் பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கும். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் சூனியக்காரி என்று சொல்லிக் கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பலகை, பெயரும் தேதியும் வெட்டி. ஜனங்கள் பூவும் சீட்டும் வைத்துவிட்டுப் போவார்கள். போன வருஷம் இங்கேதான் ஜூனி கோராவைக் குடைந்து எடுத்தாள்.

"இவங்க எல்லாம் நெஜமாவே சூனியக்காரியா?"

"இல்லடி. யாரோ பொய் சொன்னாங்க."

"அப்ப பொய் சொன்னவங்கள யாரு தூக்குல போட்டாங்க?"

"யாரும் போடல."

"ஏன்?" என்றாள் ஜூனி. கோரா என்னைப் பார்த்தாள். நான் டோனட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நோரீன் தொப்பியை ஒரு பலகையில் வைத்தாள். பக்கத்தில் டோனட்டை வைத்தாள். அழவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "வா. நீ வேலை செஞ்ச வீட்டைப் பார்க்கலாம். கோரா பார்க்கணுமாம்" என்றாள்.

"அங்க என்ன இருக்கு, வெறும் செங்கல். கூட்டம் வேற."

"அப்பா, போன நவம்பர் முழுக்க அந்தச் சிம்னியப் பத்தியே பேசின. இப்ப என்ன ஆச்சு?" என்றாள் கோரா.

நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினேன்.

நான் பழைய புகைபோக்கிகளைச் செப்பனிடும் கொத்தன். போன வருஷம் நவம்பரில் டோர்னல் வீட்டில் வேலை. முந்நூறு வருஷத்து வீடு, இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கணப்படுப்புக்கு மேலே உப்பியிருந்த செங்கல்லை எடுத்தபோது உள்ளே ஒரு பொந்து இருந்தது. பொந்தில் குழந்தையின் தோல் ஷூ ஒன்று, கரி படிந்து கறுத்துப்போய்.

எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சூனியக்காரி புகைபோக்கி வழியாகத்தான் வீட்டுக்குள் இறங்குவாள் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். பிள்ளை போட்டுத் தேய்த்த ஷூவைச் சுவரில் வைத்து மூடிவிடுவார்கள். வருகிறவள் பிள்ளை வாசனை பிடித்து அதற்குள் நுழைவாள். பின்பக்கமாகத் திரும்பி வர அவளுக்குத் தெரியாது. அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அதனால் ஷூவை எடுத்தால் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். வைக்க முடியாவிட்டால், எடுத்தவன் தன் வீட்டு ஷூ ஒன்றை வைக்க வேண்டும். பொந்தைக் காலியாக விட்டு எந்தக் கொத்தனும் மூட மாட்டான்.

வீட்டு நிர்வாகம் பழைய ஷூவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க எடுத்துக்கொண்டது. என் வண்டியில் ஜூனியின் சிவப்பு ஷூ ஒன்று கிடந்தது. முந்தின நாள் சீட்டை உதைத்த உதையில் கழன்று விழுந்தது. இடது கால். சிரித்துக்கொண்டே அதை எடுத்துப் பொந்தில் வைத்தேன். நாலு செங்கல் வைத்துச் சுண்ணாம்புக் காரை பூசினேன். போகிற வழியில் அவளுக்குப் புது ஜோடி வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். மறந்துபோனேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அதற்குப் பிறகு நான் செய்யாததுதான் பெரிது.

டோர்னல் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவள் ஹெட்டி. ஐம்பது வயதுக்காரி. வெள்ளைக் குல்லாய், பழங்காலப் பாவாடை, காலில் மட்டும் ஓடுவதற்கான ஷூ. வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டாள்.

"அட, நம்ம கொத்தனாரு! ஆல்டன், உங்க சிம்னிதான் இப்ப ஊர்லயே பிரபலம். கடைசி சுத்து, வாங்க வாங்க. உங்களுக்கு டிக்கெட் எல்லாம் வேணாம்."

மணி நாலரை இருக்கும். எங்களோடு ஒரு இளம் ஜோடி மட்டும். தாழ்ந்த கூரை, சின்னச் சின்ன ஜன்னல், உள்ளே வெளிச்சம் அப்போதே மங்கிவிட்டது. மழையில் நனைந்த கம்பளி வாசனையும் பழைய சாம்பல் வாசனையும். கணப்படுப்பு ஒரு ஆள் நிற்கிற அளவுக்குப் பெரியது. அதன் ஓரத்திலேயே குறுகலான மரப்படி வளைந்து மேலே போகிறது. கண்ணாடிப் பெட்டியில் அந்தக் கறுத்த ஷூ இருந்தது.

"இதுதான் அந்தக் காலத்துல இந்த வீட்டுல இருந்த குழந்தையோட ஷூ" என்று ஹெட்டி குரலைத் தாழ்த்தினாள். "நாங்க இத எடுத்தோம் பாருங்க, அதுலேர்ந்து அந்தக் குழந்தை இதத் தேடுது. ஜனவரில, பூட்டிக் கெடந்த வீட்டை நான் எட்டிப் பார்க்க வந்தப்ப ஆரம்பிச்சுது. சாயங்காலமானா மாடியிலேர்ந்து எறங்கி வரும். ஒரு கால்ல ஷூ இருக்கு, ஒரு கால்ல இல்ல. டக்... பொத். டக்... பொத்."

இளம் ஜோடி சிரித்தது. பையன் அந்தப் பெண்ணின் இடுப்பைக் கிள்ளினான்.

நோரீன் சிரிக்கவில்லை. "எந்தக் கால்ல இல்ல?" என்று கேட்டாள்.

"என்னங்க?"

"எந்தக் கால் வெறுங்கால்?"

"இடது. ஒரு நாள் சாம்பல்ல தடம் பார்த்தோம். வலது பக்கம் ஷூத் தடம். இடது பக்கம் சாக்ஸ் மாதிரி இருந்துச்சு, கம்பளி பின்னல் கூடத் தெரிஞ்சுது. ஏன் கேக்கறீங்க?"

நோரீன் என்னைப் பார்த்தாள். என் மகளை அடக்கம் செய்தபோது வலது காலில் சிவப்பு ஷூ. இடது காலில் நோரீன் பின்னிய வெள்ளைக் கம்பளி சாக்ஸ் மட்டும். ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாளும் ஜூனி கேட்டது அந்தச் சிவப்பு ஷூவைத்தான். தானே கயிறு கட்டப் பழகிக்கொண்டிருந்த ஷூ. ஒரு முயல் காது வந்துவிடும், இரண்டாவது காது போடும்போது முதல் காது அவிழ்ந்துவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பாள்.

"ஆல்டன்" என்றாள் நோரீன். "இந்தச் செவுத்துல நீ என்ன வெச்ச?"

நான் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? என்ன வெச்சே?"

"விளையாட்டா வெச்சேன் நோரீன். சத்தியமா விளையாட்டாத்தான்..."

இளம் ஜோடி மெல்ல வெளியே நழுவியது. கோரா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அவ கேட்டப்போ நீ பக்கத்துலதான உக்காந்திருந்த?" நோரீன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் கட்டிலுக்கு அடியில தேடினேன். குப்பையக் கொட்டித் தேடினேன். நீயும் என்கூடத் தேடினியேடா! டார்ச் அடிச்சியேடா, பாவி!"

ஆமாம். டார்ச் அடித்தேன். நாலு செங்கல், அரை மணி நேர வேலை. குளிர்காலத்துக்கு வீட்டைப் பூட்டிவிட்டார்கள், யாரைக் கேட்பது, என்னவென்று சொல்வது என்று தயங்கினேன். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். அவள் எழுந்து வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வெட்கம் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது.

"மன்னிச்சிரு" என்றேன். அந்த வார்த்தை எனக்கே கேவலமாகக் கேட்டது.

அப்போது மாடியில் ஒரு பலகை முனகியது.

ஹெட்டி குல்லாயைக் கழற்றிவிட்டாள். "மேல யாரும் இல்ல" என்று கிசுகிசுத்தாள். "நான்தான் பூட்டினேன்."

டக்.

பொத்.

டக்.

பொத்.

படியில் இறங்கி வந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கணம் நின்று, கைப்பிடி எட்டாத பிள்ளை இறங்குவதுபோல. ஆரஞ்சு இருமல் மருந்தின் வாசனை வந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் என் சட்டையில் இருந்த வாசனை.

கடைசிப் படியில் சத்தம் நின்றது. அங்கே யாரும் இல்லை.

பிறகு ஒரு இருமல். சின்னது. பிறருக்குத் தொந்தரவு இல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல்.

கோரா சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நோரீன் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். "வா தங்கம்" என்றாள். "அம்மாகிட்ட வா."

எதுவும் அவள் கைக்கு வரவில்லை. அடுப்புச் சாம்பலில் ஒரு தடம் அழுந்தியது. பக்கத்தில் இன்னொன்று. பின்னல் தெரிந்தது. இரண்டு தடமும் சுவரைப் பார்த்து நின்றன.

நான் அடுப்பிலிருந்த இரும்புக் கம்பியை எடுத்துக் காரையைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

"கொத்தனாரே, நான் வேணாம்னு சொல்லல" என்றாள் ஹெட்டி. "ஆனா பொந்தக் காலியா விடாதீங்க. அந்தப் பழைய ஷூவுக்குள்ள என்ன கெடந்துச்சோ, அது இப்ப எங்க இருக்கோ."

அது எனக்கும் தோன்றியிருந்தது. ஒன்பது மாதமாகத் தோன்றிக்கொண்டுதான் இருந்தது. பழைய ஷூவை எடுத்தது நான். அதிலிருந்து எது வெளியே வந்ததோ, அதற்குப் பிள்ளை வாசனை காட்டிக் கொடுத்ததும் நானா? நிமிர்ந்து ஹெட்டியைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

முதல் செங்கல் வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் காரை கெட்டியாக இருந்தது. கம்பியை ஊன்றி நெம்பிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது.

பிறகு இன்னொன்று.

ஒரே காலால். என் உள்ளங்கைக்கு நேராக. அந்த உதையை எனக்குத் தெரியும். என் முதுகுக்குத் தெரியும்.

செங்கல் தானாக முன்னால் நகர்ந்து என் கையில் விழுந்தது.

பொந்துக்குள் கைவிட்டேன். ஷூ சூடாக இருந்தது, இப்போதுதான் காலிலிருந்து கழற்றியதுபோல. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். நான் வைத்தபோது கயிறு அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதைச் சுருட்டி உள்ளே திணித்தேன்.

இப்போது கயிறு கட்டியிருந்தது. இரண்டு முயல் காது, சமமாக, இறுக்கமாக. கயிறு முழுக்க மடிப்பு விழுந்து நைந்திருந்தது. எத்தனை தடவை போட்டு அவிழ்த்திருந்தால் அப்படி நையும்! நுனி இரண்டும் கடித்து மென்றிருந்தது.

நோரீன் அதை என் கையிலிருந்து பிடுங்கினாள். அந்த முடிச்சைப் பார்த்தாள். அவளிடமிருந்து வந்த சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

"கத்துக்கிட்டா" என்றாள் பிறகு. "இருட்டுல தனியா உக்காந்து கத்துக்கிட்டா ஆல்டன்."

பொந்து திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கோரா தன் ஷூவைக் கழற்றப் போனாள். "தொடாத! நீ தொடாத!" என்று நோரீன் அலறிவிட்டாள்.

நான் என் இடது கால் பூட்ஸைக் கழற்றினேன். பதினோரு வருஷம் போட்டுத் தேய்த்த வேலைப் பூட்ஸ். அதைப் பொந்துக்குள் வைத்தேன். செங்கல்லை அடுக்கினேன். காரை இல்லாமலே அடைத்தேன். ஹெட்டி வேறு ஆளை வைத்துப் பூசிக்கொள்வதாகச் சொன்னாள். "உங்களை இனிமே கூப்பிடல, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள். நான் தப்பாக நினைக்கவில்லை.

வெளியே தெருவில் பச்சை மூக்குக்காரர்கள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் சாக்ஸுமாக நான் நடந்து போனேன். ஒரு பெண் என்னைப் பார்த்து, "சூப்பர் வேஷம் சார்" என்றாள்.

"நம்ம ஊர் கல்லறைக்குப் போ" என்றாள் நோரீன், வண்டியில் ஏறியதும். "கேட்டைப் பூட்டறதுக்குள்ள போ. அவகிட்ட குடுத்துடணும்." ஷூவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஜூனியைச் சுமந்த காலத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் அது ஆரம்பித்தது.

இடது. வலது. இடது. வலது.

என் முதுகில். இரண்டு காலாலும்.

கண்ணாடியில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "கோரா" என்றேன்.

"நான் இல்லப்பா" என்றாள் கோரா. "நான் காலை மேல தூக்கி வெச்சுட்டிருக்கேன்."

நோரீன் கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்தாள். "மெதுவாப் போ" என்றாள். "இன்னும் மெதுவா."

நாற்பது நிமிட வழியை ஒரு மணி நேரம் ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். நான் முதுகைச் சீட்டில் நன்றாகப் பதித்து உட்கார்ந்திருந்தேன். ஒரு உதையும் வீணாகிவிடக் கூடாது என்று. லோவல் வந்தது. வீட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும், கல்லறைக்கு இடது பக்கம். நான் இடது பக்க விளக்கைப் போட்டேன்.

உதை நின்றுவிட்டது.

"அம்மா," என்றாள் கோரா அழுதுகொண்டே, "அவ வீட்டுக்குப் போகணும்ங்கறாம்மா."

விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. நோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். நான் காத்திருந்தேன். அவள் எதைச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்.

"அவளுக்கு அங்க ஒரு கால் குளிருது" என்றாள் கடைசியில். "திருப்பு."

திருப்பினேன். மங்கிய வெளிச்சத்தில் ஜூனியின் கல்லுக்கு முன்னால், வண்டியில் கிடந்த என் கொத்துக்கரண்டியால் தோண்டினோம். முடிச்சை அவிழ்க்காமல் ஷூவை உள்ளே வைத்தோம். மண்ணை மூடியது நோரீன்தான், என்னைத் தொட விடவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது சீட்டை யாரும் உதைக்கவில்லை.

வாசலில் என் வலது கால் பூட்ஸைக் கழற்றிப் போட்டேன். கயிறு அவிழ்ந்து, மண்ணோடு, சாய்ந்து கிடந்தது. நோரீன் உள்ளே போய் ஜூனியின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சமையலறை நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.

காலையில் கோராதான் என்னை எழுப்பினாள். வாசலைக் காட்டினாள்.

ஜூனிக்கு வெளியே போக ஆசை வந்தால் கேட்க மாட்டாள். என் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவுக்கு முன்னால், முனை வெளியே பார்க்கும்படி வைப்பாள். நான் கால் விட வேண்டியதுதான் பாக்கி என்கிற மாதிரி.

என் வலது கால் பூட்ஸ் கதவைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. மண் துடைத்திருந்தது. கயிறு கட்டியிருந்தது. இரண்டு முயல் காது.

நோரீன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து அந்தப் பூட்ஸுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எங்கயும் போயிடாத" என்றாள். என்னிடம் சொன்னாளா, ஜூனியிடம் சொன்னாளா, தெரியவில்லை.

அதை நான் எடுக்கவில்லை, முடிச்சை அவிழ்க்கவும் இல்லை. தினமும் ராத்திரி முனையை உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். தினமும் காலையில் அது வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறது.